சட்டாம்பிள்ளையா, கூட்டாளியா?

குழந்தைகளின் விளையாட்டில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை



நம் வீட்டுக் குழந்தைகளைப் பற்றி அடிக்கடி வரும் புகார்களில் ஒன்று இது: "உங்க பொண்ணு எல்லாரையும் அதட்டுறா, அவ சொன்னபடிதான் எல்லாரும் ஆடணுமாம்." இன்னொரு வீட்டில் இதே புகார் வேறு உருவத்தில் வரும்: "அவன் பேட்டு, அவன் பந்து, அதனால அவன் அவுட்டே ஆக மாட்டானாம்." முதலில் நாம் சிரித்துவிடுகிறோம். சில வாரம் கழித்து, அந்தக் குழந்தை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே மற்றவர்கள் ஆடுவதைத் தனியே பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் விஷயம் விளங்குகிறது. அதட்டும் குழந்தையை மற்ற குழந்தைகள் எதிர்த்துச் சண்டை போடுவதில்லை. மெல்ல விலகிப் போய்விடுகிறார்கள்.

நான் மத்திய ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குழந்தை மனநூல் என் தொழில் அன்று. ஓய்வுக்குப் பிறகு செம்பூரில் எங்கள் கட்டடத்துக் குழந்தைகளோடு மாலை நேரங்களைக் கழிப்பதும், அதைப் பற்றிக் கிடைத்த நூல்களைப் படிப்பதுமாக இருக்கிறேன். சிக்னல் வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோளாறு என்றால் யாரைத் திட்டுவது என்று பார்க்க மாட்டோம். எந்த இடத்தில் தொடர்பு அறுந்திருக்கிறது என்று தேடுவோம். அந்த முறையிலேயே இந்த விஷயத்தையும் பார்ப்போம்.

சட்டாம்பிள்ளை எங்கிருந்து வந்தான்?

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் 'சட்டாம்பிள்ளை' என்று ஒரு மாணவன் இருப்பான். வயதிலோ படிப்பிலோ சற்று முன்னே நிற்பவன். வாத்தியார் இல்லாத நேரத்தில் சிறியவர்களை வரிசையாக உட்கார வைப்பதும் பாடம் ஒப்பிக்கச் செய்வதும் அவன் பொறுப்பு. சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சட்டாம்பிள்ளையின் அதிகாரம் அவனுடையது அன்று, வாத்தியார் கொடுத்தது. அதுபோலவே, விளையாட்டில் "நீ இங்கே நில்லு, நீ பேசாதே" என்று உத்தரவு போடும் 5 வயதுக் குழந்தையும் அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறது. காலை 7 மணிக்குப் பள்ளி வேனைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் நாம் போடும் உத்தரவுகளை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். "எழுந்திரு, பல் தேய், சாப்பிடு, ஷூ போடு, ஓடு." இந்த ஊர் வாழ்க்கை அப்படி. குழந்தை இதைக் குற்றமாகப் பார்க்கவில்லை. பெரியவர் ஆவது என்றால் இப்படிப் பேசுவது என்று புரிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்?

அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் என்ற பெண்மணி, நர்சரிப் பள்ளிக் குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடுவதைக் கவனித்து 1932இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியே ஆடுவது, மற்றவர் ஆடுவதை நின்று பார்ப்பது, ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவரவர் ஆட்டத்தை ஆடுவது, பொருள்களைக் கொடுத்து வாங்கிக் கலந்து ஆடுவது, கடைசியாக ஒரே நோக்கத்தோடு வேலையைப் பிரித்துக்கொண்டு கூடி ஆடுவது என்று அவர் வகைப்படுத்தினார். சிறிய குழந்தைகளிடம் முதலில் சொன்னவை அதிகம். வயது ஏற ஏறக் கூடி ஆடுவது கூடுகிறது.

ஆகவே 2 வயதுக் குழந்தை பொம்மையைப் பிடுங்கினால் அது சுயநலம் என்று வருந்த வேண்டாம். கூடி ஆடுவது என்பது அதற்கு இன்னும் வராத கலை. 4, 5 வயதில்தான் "நீ டாக்டர், நான் நர்ஸ்" என்று ஒரே கதைக்குள் இரண்டு பேர் நுழைய முடிகிறது. தொல்லையும் அப்போதுதான் தொடங்குகிறது. கதை முழுவதும் ஒரு குழந்தையின் தலைக்குள் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது தெரியவில்லை என்பதே அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அவர்கள் வேறு மாதிரி செய்யும்போது கோபம் வருகிறது.

அதே 1932இல் சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே, குழந்தைகள் கோலி ஆடுவதை ஆராய்ந்து எழுதினார். அவர்களோடு தாமும் உட்கார்ந்து, "எனக்கு ஆடக் கற்றுக்கொடு" என்று கேட்டு, இந்த விதிகள் எங்கிருந்து வந்தன, இவற்றை மாற்றலாமா என்று விசாரித்தார். சிறியவர்கள் விதி பெரியவர்களிடமிருந்து வந்தது, மாற்றவே கூடாது என்றார்கள்; ஆனால் ஆடும்போது அவரவர் இஷ்டப்படிதான் ஆடினார்கள். 10 வயதை ஒட்டிய பிள்ளைகள், எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். அவர்கள்தான் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

இதற்கு நாம் ஜெனீவா வரை போக வேண்டியதில்லை. தாராவிச் சந்திலோ நம் கட்டடக் காம்பவுண்டிலோ பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட்டைப் பாருங்கள். ஒரு குத்துக் குத்தி வந்த பந்தை ஒரே கையால் பிடித்தால் அவுட். முதல் மாடி ஜன்னலில் பட்டால் அவுட். பந்து சாக்கடையில் விழுந்தால் அடித்தவனே எடுக்க வேண்டும். இவை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. இடம் சிறியது, கண்ணாடி விலை அதிகம் என்பதால் பிள்ளைகளே பேசி வைத்துக்கொண்டவை. சேர்ந்து செய்த விதி என்பதால் வாட்ச்மேன் இல்லாமலேயே அது நடக்கிறது.

இரண்டு வகைத் தலைமை

மேலே சொன்ன பார்ட்டன், 1933இல் குழந்தைகளிடையே தலைமை பற்றியும் எழுதினார். இரண்டு வகைத் தலைவர்களைக் கண்டதாகச் சொல்கிறார். ஒரு வகை, நயமாக யோசனை சொல்லிப் பலரைத் தன்னோடு இழுத்துச் செல்வது. மற்றொரு வகை, பலத்தைக் காட்டித் தான் பிடித்துவைத்த சிறு கூட்டத்தை மட்டும் ஆட்டிவைப்பது.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அதட்டும் குழந்தையிடம் பெரும்பாலும் நல்ல யோசனைகள் இருக்கின்றன. புதிய ஆட்டம் கண்டுபிடிப்பது அதுதான். அதை அடக்கி உட்கார வைத்தால் ஆட்டமே நின்றுபோகும். குறிப்பாகப் பெண் குழந்தைகள் விஷயத்தில் கவனம் தேவை. பையன் முன்னே நின்றால் "லீடர் மாதிரி இருக்கான்" என்கிறோம்; பெண் நின்றால் "ராங்கி" என்கிறோம். முன்னே நிற்பதைத் தடுக்க வேண்டாம். கேட்டுக்கொண்டு முன்னே நிற்கக் கற்றுக்கொடுத்தால் போதும்.

நம் விளையாட்டுகளிலேயே இருக்கும் பாடம்

நம் முன்னோர் விளையாட்டுகளில் யாரும் நாட்டாமை செய்ய முடியாதபடி சில ஏற்பாடுகள் இருக்கின்றன. ஊரில் கபடிக்கு 'உத்தி பிரிப்பது' எப்படி என்று நினைவிருக்கிறதா? இரண்டு பேர் தலைவர்கள். மற்றவர்கள் ஏறக்குறைய சம பலமுள்ளவர்களாக ஜோடி சேர்ந்து, தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவன் ரோஜா, ஒருவன் மல்லிகை. திரும்பி வந்து "ரோஜா வேணுமா, மல்லிகை வேணுமா?" என்று கேட்பார்கள். தலைவன் பெயரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், ஆளை அன்று. இதனால் அணிகள் சமமாகின்றன. அதைவிட முக்கியம், "என்னை யாருமே எடுக்கலே" என்று கடைசியில் ஒரு குழந்தை கூசி நிற்க வேண்டியதில்லை.

யார் பிடிப்பது என்று முடிவு செய்ய 'சா பூ த்ரீ' போட்டுக் கையைத் திருப்புகிறோம். பல்லாங்குழியில் முறை எப்போது மாறும் என்பதைக் குழியும் முத்துமே சொல்லிவிடுகின்றன. மராட்டியப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடும்போது, பிடிக்க வேண்டியவன் மேல் 'ராஜ்ய' வந்தது என்பார்கள். ராஜ்யம் ஒருவனிடம் தங்குவதில்லை, தொட்டவுடன் கைமாறுகிறது.

விவரம் தெரியாத சின்னக் குழந்தை கூட ஆட வந்தால் என்ன செய்வது? தமிழில் 'ஒப்புக்குச் சப்பாணி', மராட்டியில் 'லிம்பு டிம்பு', இந்தியில் 'கச்சா நிம்பு'. அவுட் ஆனாலும் அவுட் கிடையாது, ஆனால் ஆட்டத்தில் உண்டு. மூன்று மொழிகளிலும் இதற்குத் தனிச்சொல் இருக்கிறது என்றால், சிறியவரை வெளியே தள்ளாமல் ஆடுவது எவ்வளவு பழைய பழக்கம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒற்றைப் பாதையும் டோக்கனும்

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் நுழைந்துவிடக் கூடாது. அதற்காக டோக்கன் கருவி என்று ஒன்று வைத்திருந்தோம். இன்று பல இடங்களில் வேறு முறைகள் வந்துவிட்டன. ஒரு நிலையத்தின் கருவியிலிருந்து ஓர் இரும்புப் பந்தை எடுத்து ஓட்டுநரிடம் கொடுத்தால்தான் அவர் வண்டியைக் கிளப்பலாம். அந்தப் பந்தை எடுக்க ஒரு ஸ்டேஷன் மாஸ்டரால் மட்டும் முடியாது. அடுத்த நிலையத்து மாஸ்டரும் சம்மதித்துத் தம் கருவியை இயக்க வேண்டும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை இரு பக்கமும் இன்னொன்று வராது. எக்ஸ்பிரஸ் ஆனாலும் கூட்ஸ் ஆனாலும் இதே சட்டம்தான்.

குழந்தைகள் விளையாட்டுக்குத் தேவையானவை இந்த இரண்டும்தான்: முறை யாருடையது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், எதிர்ப் பக்கத்தின் சம்மதம் வேண்டும். "மாத்தி மாத்தி ஆடுங்க" என்று வாயால் சொன்னால் 4 வயதுக் குழந்தைக்கு அது காற்றில் போய்விடும். கையில் ஒரு பொருள் கொடுங்கள். ஒரு சோழியோ பாட்டில் மூடியோ போதும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் அடுத்த ஆட்டத்தைச் சொல்லலாம். ஆடி முடித்ததும் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் கட்டடத்தில் இப்படிச் செய்து பார்த்தோம். முதல் இரண்டு நாள் மூடிக்கே சண்டை. பிறகு, எப்போதும் வாய் திறக்காத ஒரு குழந்தை மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்ப எல்லாரும் தவளை" என்றது. எல்லோரும் தவளை ஆனார்கள். மூடி கையில் இல்லாதிருந்தால் அந்தக் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் வகுப்பறைகளில் ஒவ்வொரு சாதனமும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்கக் குழந்தை அதனாலேயே பழகுகிறது. நாமோ சண்டை வரக் கூடாதென்று ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

பொருள் யாருடையது என்பதும் பெரிய விஷயம். பேட்டு வைத்திருப்பவன் ராஜா ஆவது அது அவன் சொத்து என்பதால்தான். மும்பைக்கு வடக்கே போர்டியிலும் பிறகு கோஸ்பாடிலும் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் பழங்குடிக் குழந்தைகளுக்காக நடத்திய பள்ளிகளில், அக்கம்பக்கத்தில் கிடைத்த எளிய பொருள்களையே சாதனமாக்கினார்கள். கூழாங்கல்லுக்குச் சொந்தக்காரர் கிடையாது. கட்டடத்துப் பிள்ளைகளுக்கென்று நாலு வீட்டார் சேர்ந்து ஒரு பேட்டும் பந்தும் வாங்கி வாட்ச்மேனிடம் வைத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

'நாம்' என்ற சொல்

நம் மொழி நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல 'நாம்', விலக்கிச் சொல்ல 'நாங்கள்' என்று தமிழில் இரண்டு சொற்கள். மராட்டியிலும் அப்படியே 'ஆபண்', 'ஆம்ஹி'. குஜராத்தியிலும் உண்டு. இந்தி 'ஹம்' என்பதில் இந்த வேறுபாடு இல்லை. நம் பிள்ளைகள் கீழே போனதும் இந்தியில்தான் ஆடுகிறார்கள். தவறில்லை, எல்லா மொழிக்காரர்களும் கூடும் இடம் அது. ஆனால் வீட்டில் அண்ணன் தங்கை ஆடும்போது "நாம வீடு கட்டலாமா?" என்று கேட்கப் பழக்குங்கள். "நீ கல்லு எடுத்துட்டு வா" என்பது உத்தரவு. "கல்லு வேணுமே, யார் எடுக்கலாம்?" என்பது அழைப்பு. 'லாமா' என்ற அந்த ஒரு முடிவு, இல்லை என்று சொல்ல எதிராளிக்கு இடம் கொடுக்கிறது.

இது வெறும் இலக்கணம் அன்று. 1960களில் இந்நகரில் தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த முழக்கங்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விலக்கி வைக்கும் சொல் எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். அப்படியிருக்க, நம் பிள்ளை வேறு மொழி பேசும் குழந்தையையோ, வேலைக்கு வரும் அம்மாவின் குழந்தையையோ "நாங்க ஆடுறோம், நீ கிடையாது" என்று சொன்னால் அதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கவை

1. கீழே அனுப்புமுன் ஒரு ஒத்திகை. "நீ ஸ்கூல் ஆட்டம் ஆடணும்னு நினைக்கிறே, அவ வேண்டாங்கிறா. என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். பதிலைக் குழந்தையே சொல்லட்டும்.

2. மூன்று வாக்கியங்களைப் பழக்குங்கள்: "உனக்கு என்ன ஆடணும்?", "முதல்ல உன்னோடது, அப்புறம் என்னோடது", "இது பிடிக்கலேன்னா எப்படி மாத்தலாம்?"

3. மூத்த குழந்தையிடம் "தம்பியைப் பார்த்துக்கோ" என்று சொல்லுங்கள். "தம்பி, அண்ணன் சொன்னபடிதான் கேக்கணும்" என்று சொல்லாதீர்கள். முன்னது பொறுப்பு, பின்னது பட்டாபிஷேகம்.

4. வாரத்தில் ஒரு நாள் குழந்தை சொல்லும் ஆட்டத்தை நீங்கள் ஆடுங்கள். அடுத்தது உங்கள் முறை. வேண்டுமென்றே தோற்காதீர்கள். தோற்றால் எப்படி இருப்பது என்பதை நீங்கள் தோற்கும்போது குழந்தை பார்க்கட்டும்.

5. ஒருவரும் தனியே வெல்ல முடியாத வேலைகளைக் கொடுங்கள். போர்வையின் நாலு மூலையை நாலு பேர் பிடித்துப் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது, நவராத்திரிக்குக் கொலுப்படி அடுக்குவது, பொங்கலுக்குக் கோலத்தில் ஆளுக்கொரு நிறம் இடுவது போன்றவை.

6. மற்றவர் முன் "நீதான் எல்லாரையும் அதட்டுறவளாச்சே" என்று பெயர் சூட்டாதீர்கள். ஒட்டிய பெயரைக் குழந்தை காப்பாற்றப் பார்க்கும். சொல்ல வேண்டியதை வீட்டுக்கு வந்தபின் தனியே, நடந்ததைக் குறித்து மட்டும் சொல்லுங்கள்: "நீ கத்தினப்போ அவன் முகம் எப்படி இருந்தது, பார்த்தியா?"

பெரியவர் எப்போது தலையிடலாம்?

சின்னச் சச்சரவுக்கெல்லாம் மாடியிலிருந்து குரல் கொடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் பொறுத்தால் பெரும்பாலும் அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள். அடி விழும்போதும், ஒரே குழந்தையைத் தினமும் ஒதுக்கும்போதும், மொழி, நிறம், பெற்றோர் செய்யும் தொழில் இவற்றைச் சொல்லிக் கேலி செய்யும்போதும் உடனே போக வேண்டும். போனாலும் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாகப் போகாமல், "என்ன நடந்தது? முதல்ல அவன் சொல்லட்டும், அப்புறம் நீ" என்று இரு பக்கமும் கேளுங்கள்.

1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவாவில் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் 10 வயதை ஒட்டிய சிறுவர் குழுக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில குழுக்களில் பெரியவர் எல்லாவற்றுக்கும் உத்தரவு போட்டார். சிலவற்றில் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுத்தார். உத்தரவுக் குழுவில் அந்தப் பெரியவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை தளர்ந்தது. கலந்து பேசிய குழுவில் அவர் இல்லாதபோதும் வேலை நடந்தது. நாம் எந்நேரமும் பக்கத்தில் இருக்கப் போவதில்லை என்பதால் இந்த முடிவு நமக்குப் பயன்படும்.

இன்னொரு குழந்தையையும் மறக்கக் கூடாது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் குழந்தை. "எங்க பையன் ரொம்ப சாது" என்று பெருமைப்படுகிறோம். அவனுக்கும் பயிற்சி வேண்டும். "எனக்கு இது வேண்டாம், நான் வேற ஆடறேன்" என்று சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். அதட்டுபவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரே மூடியை இருவர் கையிலும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இருவருமே கற்றுக்கொள்வார்கள்.

இந்த வாரப் பயிற்சி

கட்டடங்கள் உயர உயரக் காம்பவுண்டுகள் கார்களுக்குப் போய்விடுகின்றன. மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் போல இடம் எல்லோருக்கும் கிட்டாது. இருக்கும் இடத்தில், கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில்தான் நம் பிள்ளைகள் கூடி வாழப் பழக வேண்டும். அதனால் இந்த வாரம் இரண்டு காரியங்கள் செய்து பாருங்கள். ஒன்று, பக்கத்து வீட்டுக் குழந்தைகளில் இருவரை அழைத்து உங்கள் பிள்ளைக்கு உத்தி பிரிக்கவும் பல்லாங்குழி ஆடவும் கற்றுக்கொடுங்கள். அவர்களில் ஒருவராவது தமிழ் பேசாத குழந்தையாக இருக்கட்டும். இரண்டு, விளையாடிவிட்டு வரும் பிள்ளையிடம் "யார் ஜெயிச்சா?" என்று கேட்காமல், "நாளைக்கு என்ன ஆடப் போறீங்க? யாரெல்லாம் வருவாங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் எத்தனை பெயர்கள் வருகின்றன என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். நம் குழந்தை எப்படி ஆடுகிறது என்பதற்கு அந்த எண்ணிக்கையே நமக்குச் சிக்னல்.